செங்காயி எந்த ஊர்க்காரி?

ஈப்போ வாசகர் கேட்டது, ஜூன் 3

மகளுக்குத் தினமும் படுக்கும்முன் கதை வாசித்துக் காட்டுகிறேன். சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், ஹான்சல் கிரெட்டல் எல்லாம் வெள்ளைக்காரர்களுடையவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உலகத்துத் தேவதைக் கதைகள் எல்லாம் இந்தியாவிலிருந்து போனவை என்று என் அப்பா சொல்வார். யூடியூபில் பார்த்தால், எல்லாம் ஐரோப்பாவில் நிஜமாக நடந்த கொடுமைகளாம். எது சரி?

ஜூன் 3, இரவு 10.40

நான் உங்கள் அப்பா கட்சி.

துறைமுகத்தில் டேலி கிராணியாக, அதாவது சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் குமாஸ்தாவாக, முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். பெட்டியைப் பார்த்தால் எந்தத் துறைமுகத்து முத்திரை என்றுதான் முதலில் கண் போகும். பஞ்சதந்திரத்தின் மேல் எத்தனை முத்திரை இருக்கிறது பாருங்கள். 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் குஸ்ரு அனுஷிர்வான் காலத்தில் புர்சோய் என்ற மருத்துவர் அதைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டுபோனார். 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' ஆக்கினார். அரபியிலிருந்து எபிரேயம், எபிரேயத்திலிருந்து 13ஆம் நூற்றாண்டில் லத்தீன், அப்புறம் ஐரோப்பிய மொழிகள் ஒவ்வொன்றாக. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் 1678இல் வெளியிட்ட தொகுப்பில், இந்திய ஞானி பில்பேக்குத் தான் கடன்பட்டிருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். 1859இல் தியோடோர் பென்ஃபை என்ற ஜெர்மன் அறிஞர் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்து, கதைகளின் தாய்வீடு இந்தியாதான் என்று ஒரு பெரிய முன்னுரையே எழுதினார்.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1835இல் பஞ்சதந்திரத்தை மலாய்க்குக் கொண்டுவந்தார். அவர் கையில் இருந்தது தமிழ்ப் பஞ்சதந்திரம். அவருடைய குடும்பத்திலேயே தமிழ் ரத்தம் உண்டு, தமிழ் படித்தவர்.

ஆக, வரவுப் பக்கம் நமக்கு ஏராளம். மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஜூன் 4, காலை 7.15

இரவு மார்தட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் பசியாறும்போது ரோட்டி சானாயோடு ஒரு சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பஞ்சதந்திரத்தில் நரி பேசும், காளை பேசும், காகம் பேசும். சிண்ட்ரெல்லா அப்படிக் கதையா? அது மாயம், மந்திரம், ராஜகுமாரன் வகை. இவர் கேட்டது இந்த வகையைப் பற்றி, நான் பதில் சொன்னது அந்த வகையைப் பற்றி. இன்னொரு சங்கடம்: மிருகக் கதைகளில் பல கிரேக்கப் பக்கத்திலிருந்து வந்தவை என்றுதான் பென்ஃபையே நினைத்தார். அவர் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தது மாயக் கதைகளைத்தான். நான் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டு, அவர் வாயில் என் வார்த்தையை வைத்துவிட்டேன். இந்தியாவே எல்லாவற்றுக்கும் மூலம் என்ற அவருடைய கட்சியும் பின்னாளில் நிற்கவில்லை. ஒரே ஊரிலிருந்து கிளம்பின என்று இன்று யாரும் அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை.

லா ஃபோந்தேன், முன்ஷி அப்துல்லா பற்றி எழுதியதில் மாற்றம் இல்லை.

ஜூன் 5

யூடியூப் கட்சிக்கு.

ஹான்சல் கிரெட்டல் 1315இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் நடந்தது என்பார்கள். பஞ்சம் உண்மை. அந்தப் பஞ்சத்தில்தான் இந்தக் கதை பிறந்தது என்பதற்குத் துண்டுச் சீட்டு கிடையாது. பஞ்சம் இல்லாத ஊர் எது? ஸ்னோ ஒயிட் இன்ன ஜமீன் வீட்டுப் பெண் என்று சொல்வதும் இதே ரகம்தான். இந்த உண்மைச் சம்பவ வியாபாரத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை.

செந்தூல் டீச்சர் கேட்ட சின்னம்மா விஷயம் வேறு. எல்லாக் கதையிலும் சின்னம்மாதான் கெட்டவளா என்று கோபப்பட்டிருக்கிறார், நியாயம்தான். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். அடுத்த பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். ஹான்சல் கிரெட்டலிலும் காட்டில் விட்டுவரச் சொல்பவள் முதலில் அம்மாதான், சின்னம்மா ஆனது பல வருடம் கழித்து. பெற்றவள் மேல் பழி விழக்கூடாது என்று பார்த்திருக்கிறார்கள். பழியைச் சுமக்க ஒருத்தி வேண்டுமே, ஊரில் இல்லாத சின்னம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

இந்தச் சகோதரர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் படித்த குடும்பத்துப் பெண்கள் இவர்களிடம் வந்து சொன்ன கதைகள் அவை. அவர்களில் சிலர் பிரான்சிலிருந்து ஓடிவந்த ஹியூகனாட், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட், குடும்பத்து வாரிசுகள். ஜெர்மன் மண்ணின் கதைகள் என்று பெயர் வாங்கினாலும் உள்ளே பிரெஞ்சுச் சரக்கும் இருந்தது.

ஜூன் 8, சனிக்கிழமை, மழை

பினாங்கு ஜெலுத்தோங்கில் காலையிலிருந்து கொட்டுகிறது. வெளியே போக முடியாது. சரி, சொந்தக் கதை.

சிண்ட்ரெல்லா நம்மிடம் உண்டா என்று பட்டர்வொர்த் தம்பி கேட்டிருந்தார். உண்டு. நான் நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைக் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்முன் அம்மா என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவாள். கொட்டகை விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஆயா நாலு தொட்டிலுக்கும் சேர்த்து ஒரே கயிறு கட்டி, கயிற்று நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். கால் ஆட, நாலு தொட்டிலும் ஆடும். கை கீரை ஆயும். வாய் கதை சொல்லும். தொட்டில் வயது தாண்டிய நாங்கள் ஏழெட்டுப் பேர் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக் கேட்போம்.

செங்காயி என்று ஒரு பெண். அவளுடைய அம்மா கிணற்றில் விழுந்து விரால் மீனாகிவிடுகிறாள். வீட்டில் சின்னம்மாவும் அவள் மகள் பூண்டாயியும். செங்காயி தன் சோற்றில் பாதியை மீனுக்குப் போடுவாள். சின்னம்மா ஒளிந்திருந்து பார்த்து, மீனைப் பிடித்துக் குழம்பு வைத்து, அதைச் செங்காயிக்கே பரிமாறுகிறாள். இந்த இடத்தில் ஆயா கீரை ஆய்வதை நிறுத்திவிடுவாள், தொட்டிலும் நின்றுவிடும். ஏதாவது ஒரு குழந்தை அழ ஆரம்பிக்கும்.

செங்காயி முள்ளைப் பொறுக்கிக் கொல்லையில் புதைக்கிறாள். அங்கே மரம் முளைக்கிறது, கிளையில் ஓர் ஊஞ்சல். அவள் உட்கார்ந்து பாடினால் தானாக ஆடும். பூண்டாயி ஏறினால் அசையாது. காட்டுக்கு வந்த ராஜா மகன் பாட்டைக் கேட்டு வருகிறான். அப்புறம் தெரிந்ததுதான், கல்யாணம்.

செருப்பு இல்லை, பூசணிக்காய் இல்லை, பன்னிரண்டு மணி இல்லை. ஆனாலும் அதே பெண்தான். ஆயா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிறுபிள்ளையாக வந்தவள், கதையும் அவளோடு கப்பலேறி வந்திருக்க வேண்டும். செங்காயி, பூண்டாயி என்று பெயரைப் பாருங்கள், பொன்னாயி, பூவாயி மாதிரி அசல் கிராமத்துப் பெயர்கள்.

ஜூன் 9

மேலே எழுதியதைப் படித்துவிட்டுத் தம்பி ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "மீன் முள்ளா? சீனக் கதையிலும் மீன் முள்தானே?"

ஆமாம், மறந்தே போனேன். 9ஆம் நூற்றாண்டில், தாங் வம்சக் காலத்தில், துவான் செங்ஷி என்பவர் எழுதிவைத்த கதை. யே சியென் என்ற பெண், அவள் வளர்த்த மீனுக்குச் சிவப்புச் செதில்துடுப்பு, தங்கநிறக் கண். மாற்றாந்தாய் மீனைக் கொன்று தின்றுவிட, யே சியென் முள்ளை எடுத்து ஒளித்துவைத்து அதனிடம் வேண்டுகிறாள். கேட்டதெல்லாம் கிடைக்கிறது. திருவிழாவுக்கு மீன்கொத்தி இறகுப் போர்வையும் தங்கச் செருப்பும் போட்டுக்கொண்டு போகிறாள். ஓடிவரும்போது ஒரு செருப்பு தவறிவிடுகிறது. அது கைமாறிக் கைமாறி ஒரு தீவு நாட்டு ராஜாவிடம் போய்ச் சேருகிறது.

துவானுக்கு இந்தக் கதையைச் சொன்னவர் அவர் வீட்டில் வேலை பார்த்தவர், இன்றைய குவாங்சிப் பக்கத்து ஆள். சீனாவின் தென்கோடி. அங்கிருந்து வியட்நாம் பக்கம்தான்.

பிரான்சில் பெரோ கண்ணாடிச் செருப்போடு சிண்ட்ரெல்லாவை அச்சிட்டது 1697இல். இத்தாலியில் பசீலே எழுதிய சிண்ட்ரெல்லாவான சாம்பல் பூனைக்காரி அதற்கு அறுபது வருடம் முந்தியவள். யே சியென் இவர்கள் எல்லோருக்கும் எண்ணூறு வருடத்துக் கொள்ளுப்பாட்டி. இன்னும் பின்னால் போனால், ஒரு கழுகு எகிப்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணின் செருப்பைத் தூக்கிப் போய் ராஜா மடியில் போட்ட கதையைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு. ஆனால் அதில் சின்னம்மா இல்லை, மீனும் இல்லை. செருப்பு ஒன்றை வைத்து உறவு கொண்டாட எனக்கு மனசில்லை.

அப்படியானால் தஞ்சாவூர் ஆயாவுக்கு மீன் முள் எப்படிக் கிடைத்தது? யோசிக்க வேண்டும்.

ஜூன் 12

மலாய்க் கதைகளில் வரும் தந்திரச் சருகுமான் சாங் கஞ்சில், அதன் கதையும் இந்தியாவா என்று ஒருவர். தெரிந்த வரையில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஆற்றைத் தாண்ட வேண்டிய சருகுமான், சுலைமான் ராஜா உங்களை எண்ணச் சொன்னார் என்று முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒன்று இரண்டு என்று முதுகில் தாவிப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. 712இல் ஜப்பானில் எழுதி முடித்த கொஜிகி என்ற பழைய நூலில் ஒரு முயல் கடல்பிராணிகளை இதே மாதிரி வரிசையில் நிறுத்தி எண்ணிக்கொண்டே தாண்டுகிறது. வித்தியாசம், நம் கஞ்சில் தப்பிவிடும். ஜப்பான் முயல் கடைசி முதுகில் வாயை விட்டு மாட்டிக்கொண்டு தோலை இழக்கும்.

தலையை எண்ணிப் பிழைக்கும் கதை என்பதால் டேலி கிராணிக்குப் பிடித்திருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 15

தலை எண்ணுவது என்றதும் பரமார்த்த குரு ஞாபகம் வந்தார்.

ஐந்து சீடர்களும் குருவும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணினால் ஐந்து பேர்தான். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி. வழிப்போக்கன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவன் முதுகிலும் ஒரு போடு போட்டு ஆறு பேரையும் எண்ணிக் காட்டுகிறான். எங்கள் ஆசிரியர் இதை நடித்தே காட்டுவார், அடி மட்டும் நிஜமாகவே எங்கள் முதுகில் விழும்.

இதைவிடத் தமிழ்க் கதை உண்டா என்று சத்தியம் செய்திருப்பேன். எழுதியவர் வீரமாமுனிவர், அதாவது இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் பெஸ்கி, 18ஆம் நூற்றாண்டு. அது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, இங்கிலாந்தில் கோதம் என்ற ஊர் முட்டாள்களைப் பற்றி அதற்கு முன்பே ஒரு கதைக்கொத்து உண்டு என்பது. மீன் பிடிக்கப் போன பன்னிரண்டு பேர், எண்ணினால் பதினொன்று, தன்னை எண்ணாத அதே பிழை. வழியில் வந்த ஒருவன் ஆளுக்கொரு அடி கொடுத்து எண்ணிக் காட்டுகிறான். அடி உட்பட அப்படியே.

பெஸ்கி ஊரிலிருந்து கொண்டுவந்தாரா, இங்கே திண்ணையில் கேட்டாரா, யாருக்குத் தெரியும். ஆனால் ஜூன் 3இல் நான் போட்ட வரவுக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவது? புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

ஜூன் 26

இன்றைய தேதியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1284, ஜூன் 26. ஜெர்மனியின் ஹேமலின் ஊரிலிருந்து 130 பிள்ளைகள் போய்விட்டார்கள். பல வண்ண உடை போட்ட ஒருவன் குழல் ஊதிக்கொண்டு வந்தான், பின்னாலேயே போனார்கள், திரும்பவில்லை. 15ஆம் நூற்றாண்டு நடுவில் எழுதிய ஒரு பிரதியில் தேதியோடு இது இருக்கிறது. அந்த ஊர் தேவாலயத்தில் 1300 வாக்கில் இதைக் கண்ணாடிச் சன்னலில் வரைந்தும் வைத்திருந்தார்கள், அது இப்போது இல்லை. இன்றைக்கும் அந்த ஊரில் ஒரு தெருவில் மேளம் வாசிக்கக் கூடாது, கல்யாண ஊர்வலம் போனால்கூட அங்கே வாத்தியத்தை நிறுத்திவிடுவார்களாம்.

பழைய குறிப்புகளில் எலி இல்லை. எலி வந்தது 16ஆம் நூற்றாண்டு நடுவில், கிட்டத்தட்ட இருநூற்றெழுபது வருடம் கழித்து. முதலில் இருந்தது இவ்வளவுதான்: வண்ண உடைக்காரன், வாத்தியம், 130 இளசுகள், காலியான ஊர்.

இதற்கு விளக்கம் சொன்னவர்களில் ஒரு சாரார், அவன் குடியேற்றத்துக்கு ஆள் சேர்க்க வந்தவன் என்கிறார்கள். அந்தக் காலத்தில் கிழக்கே புதுநிலங்களில் குடியேற ஜெர்மன் ஊர்களில் இளவட்டங்களைத் திரட்டிப் போனார்கள். உடோல்ஃப் என்ற மொழியறிஞர் ஹேமலின் பக்கத்துக் குடும்பப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் கிழக்கே எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்திருக்கிறார்.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இவனை எனக்குத் தெரியும்.

என் தாத்தா 1928இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறியவர். ஊரில் மாரியம்மன் திருவிழா. மேளச் சத்தத்துக்கு நடுவே அதே ஊரிலிருந்து முன்பு போன ஒருவன் வந்து இறங்கினானாம். கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கையில் குடை, விரலில் கல் மோதிரம். மலாயாவில் மரத்தில் காசு காய்க்கிறது என்றான். கங்காணி. ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு என்பது தாத்தாவுக்கு அப்போது தெரியாது. தெருவில் பதினேழு பேர் அவன் பின்னால் போனார்கள். அதில் தாத்தாவுக்கு வயது பதினாறு. பினாங்கு வந்தும் கரையில் விடவில்லை, ஜெரெஜாக் தீவில் நிறுத்தி உடம்பைப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். பதினேழு பேரில் ஊர் திரும்பியவர்கள் இரண்டு பேர்.

தாத்தா ஊரில் மீதி இருந்தவர்கள் இந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பார்கள்? ஒரு திருவிழா அன்று வண்ணச் சட்டைக்காரன் ஒருவன் வந்தான் என்றுதானே. இன்னும் இருநூறு வருடம் போகட்டும், அதில் எலியும் வந்து சேரும்.

ஜூன் 27

நேற்று எழுதியதை இன்று படித்தால் ஒரு மிடறு அதிகம் போலிருக்கிறது. நான் குடிப்பதில்லை.

திருத்தங்கள். ஆள் சேர்ப்பு என்பது விளக்கங்களில் ஒன்றுதான். கொள்ளைநோய் என்பார், சிலுவைப்போர் என்பார், ஆட்டவெறி நோய் என்பார். எனக்குப் பிடித்ததை நான் எடுத்துக்கொண்டேன், தாத்தா காரணமாக.

இரண்டாவது, செந்தூல் டீச்சர் சரியாகப் பிடித்துவிட்டார்: ஹேமலின் தேவதைக் கதையே இல்லை. தேதி உண்டு, தெரு உண்டு, தலைக்கணக்கு உண்டு. கிரிம் சகோதரர்களும் இதைக் குழந்தைக் கதைத் தொகுப்பில் சேர்க்கவில்லை, 1816இல் தொடங்கிய ஐதீகத் தொகுப்பில் சேர்த்தார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டதாகச் சொல்லும் நம் மஸ்சூரி என்ற பெண்ணின் கதை மாதிரி. லங்காவியில் சமாதி இருக்கிறது, வெள்ளை ரத்தம், ஏழு தலைமுறைச் சாபம், எல்லாம் ஓர் ஊரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. செங்காயிக்கு அப்படி ஊர் கிடையாது. "ஒரே ஒரு ஊரிலே" என்று ஆரம்பித்தாலே அந்த ஊரைத் தேடாதே என்று அர்த்தம்.

மூன்றாவது, ஜூன் 5இல் உண்மைச் சம்பவ வியாபாரம் என்று ஒரேயடியாகத் தள்ளினேன். அந்த வாக்கியத்தில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

ஜூலை 2

தம்பி அனுப்பிய ஆய்வு பற்றி. 2016இல் கிரேசா டா சில்வா, தெஹ்ரானி என்று இருவர் செய்தது. உயிரியலில் வம்ச மரம் போடுவதுபோல 275 மாயக் கதைகளை 50 இந்தோ ஐரோப்பிய மொழிகளில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கொல்லனும் சாத்தானும் பற்றிய கதை ஒன்று வெண்கலக் காலத்துக்கே போகலாம், ஏறக்குறைய ஆறாயிரம் வருடம் என்கிறார்கள். ஏற்காதவர்களும் உண்டு. கதை அம்மாவிடமிருந்து மகளுக்கு மட்டுமா போகிறது, பக்கத்து வீட்டுக்கும் போகிறதே என்பது அவர்கள் கேள்வி.

அந்த ஐம்பதில் தமிழ் இல்லை, மலாயும் இல்லை, சீனமும் இல்லை. எங்கள் தோட்டத்தில் இருந்த மூன்று பாஷையும் அவர்கள் கணக்குக்கு வெளியே.

ஜூலை 7, ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தின விடுமுறை

சுங்கை பட்டாணியில் இருக்கும் என் பெரியக்காவுக்குப் போன் போட்டேன். எழுபத்திரண்டு வயது, ஞாபகம் கத்தி. ஆயா சொன்ன செங்காயி கதை தஞ்சாவூர்க் கதையா என்று கேட்டேன்.

போனில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"அட மடையா, பூண்டாயின்னா பூண்டுடா! செங்காயின்னா சிவப்பு வெங்காயம்! பவாங் மேரா, பவாங் புத்தே!"

மலேசியாவில் அறுபத்துநாலு வருடமாக இருக்கிறேன். பவாங் மேரா என்றால் மலாயில் சிவப்பு வெங்காயம், பவாங் புத்தே என்றால் பூண்டு. அந்தப் பெயருள்ள இரண்டு பெண்களின் மலாய்க் கதையை டிவியில் பார்த்திருக்கிறேன், பேத்தியின் மலாய்ப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். கலோய் மீன், முள், ஊஞ்சல், பாட்டு எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது. நான் மட்டும் பொன்னாயி, பூவாயி என்று உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறேன். முத்திரை பார்த்தே பழகிய கண்ணாம்!

ஜூன் 8இல் எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும். நீங்களும் சிரியுங்கள்.

ஜூலை 8

ராத்திரி தூக்கம் வரவில்லை, வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்பில் கதைப் போட்டி. தலைப்பு "தமிழர் நாட்டுப்புறக் கதை". நான் செங்காயி கதையைச் சொன்னேன், ஊஞ்சல் பாட்டோடு. கடைசி நாற்காலியில் மலாய் பாடம் எடுக்கும் ஆசிரியை இருந்தார். நான் ஊஞ்சலுக்கு வந்ததும் அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்து இன்னும் உருக்கமாகப் பாடினேன். இரண்டாம் பரிசு, ஒரு பீங்கான் மங்கு. அந்த மங்கு ரொம்ப காலம் வீட்டில் இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதற்கு இப்போது நன்றி.

இன்னொன்று. வியட்நாமிலும் இதே கதை இருக்கிறது, அங்கேயும் மீன் முள். நல்லவள் பெயர் தாம், கெட்டவள் பெயர் காம். தாம் என்றால் நொய்யரிசி, காம் என்றால் தவிடு. இங்கே வெங்காயமும் பூண்டும். ஜெர்மனிக்காரிக்கும் பிரெஞ்சுக்காரிக்கும் சாம்பலை வைத்துப் பெயர். எல்லாப் பெயரும் அடுப்படியிலிருந்துதான் வந்திருக்கிறது. கதை சொன்னவர்கள் கைக்கு எட்டியதை எடுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆயா கீரை ஆய்ந்துகொண்டு சொன்னதை நினைத்தால், அவள் கையில் வெங்காயம் இருந்த நாளும் இருந்திருக்கும்.

எதிர்வீட்டில் வேலை செய்யும், இந்தோனேசியாவின் மேடான் ஊர்ப் பெண்ணிடம் கேட்டேன். அவள் ஊரில் பவாங் புத்தேதான் நல்லவளாம், மேரா கெட்டவள். எங்கள் தோட்டத்தில் தலைகீழ். நடுக்கடலில் எங்கேயோ பூண்டும் வெங்காயமும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன.

ஜூலை 14

பெரியக்கா தானாகவே போன் செய்தாள். இரண்டு விஷயம்.

ஒன்று, மீன் விரால் இல்லை, செப்பாட்டாம். விரால் என்று சொன்னது நம் அம்மாதானாம், ஆயா இல்லை. அப்படியானால் இந்தக் கதையை எனக்குச் சொன்னது யார்? "ரெண்டு பேருந்தான்" என்கிறாள். கட்டைவிரலில் கயிறு மாட்டியது ஆயாதான், அதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை.

இரண்டு, தோட்ட வாசலில் நாசி லெமாக் சோறு விற்ற மலாய்க்காரத் தோக், அதாவது பாட்டி. வியாபாரம் முடிந்ததும் கொட்டகைக்கு வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடமிருந்துதான் ஆயா கதையைக் கேட்டிருப்பாள் என்று நான் ஒரு வாரமாக முடிவுகட்டி வைத்திருந்தேன். அக்கா சொல்கிறாள், தோக் தன் பேத்தியைக் கூட்டிவந்து, "ஆயா, அந்த மீன் கதையைச் சொல்லு" என்று கேட்பாளாம். ஆயா தமிழில் பாதி, சந்தையில் பேசும் பாசார் மலாயில் பாதி சொல்வாளாம். தோக்குக்கு அந்தக் கதை தெரியாதா, தெரிந்தும் ஆயா வாயால் கேட்கப் பிடித்ததா? இருவரும் போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் ஆகிறது.

ஈப்போ வாசகருக்கு: உங்கள் மகளிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. மீன் கதையைச் சொல்லிப் பாருங்கள். குழம்பு வைக்கும் இடத்தில் குரலைத் தாழ்த்துங்கள்.

ஜூலை 15

ஒரு உதவி. ஊஞ்சல் பாட்டில் முதல் அடிதான் எனக்கு நினைவிருக்கிறது:

ஆடு ஊஞ்சலே ஆடு
ஆத்தா முள்ளு மேலே ஆடு

இதற்கு அடுத்த அடி யாருக்காவது தெரியுமா? வட பேராக், தென் செபராங் பிறைத் தோட்டங்களில் இருந்தவர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அக்காவுக்கும் வரவில்லை, ராகத்தை மட்டும் முனகுகிறாள்.

ஜூலை 21

பாகான் செராய் வாசகி ஒருவர் தன் அத்தையைப் பாடச் சொல்லி, குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். முதல் அடி நான் எழுதியதேதான், "முள்ளு"க்குப் பதில் "எலும்பு" என்று வருகிறது, அவ்வளவே. அக்காவுக்கு அனுப்பினேன், ராகம் அதே ராகம் என்கிறாள்.

இரண்டாவது அடி மலாயில் இருக்கிறது.